திரையின் ஏழாவது வரி

பேத்திக்கு அப்போது பதினான்கு மாதம். கையில் அகப்பட்டதையெல்லாம் வாய்க்குக் கொண்டுபோகும் பருவம். தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வர்த் பகுதியில் எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி வசிக்கும் ஆயா, தைப்பூசக் காவடியன்று கோயில் வாசலில் போட்டிருந்த கடையில் ஒரு ஜோடிக் கொலுசு வாங்கிவந்து அவள் கால்களில் பூட்டிவிட்டார். டர்பன் தமிழர் வீடுகளில் ஆயா என்றால் பாட்டி. கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலேறி வந்தவர்களின் வழியில் பிறந்த அவருக்குத் தமிழில் கோவையாகப் பேச வராது. ஆனாலும் கொலுசு இல்லாத பெண் குழந்தையின் கால் அவர் கண்ணுக்கு வெறுங்காலாகவே தெரியும். மூன்றாம் நாள் காலையில் குழந்தை தன் காலை இரு கைகளாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கொலுசில் தொங்கிய மணி ஒன்றைச் சப்பிக்கொண்டிருந்தாள். கழற்றிப் பார்த்தேன். அந்த ஒரு மணியில் மட்டும் முலாம் தேய்ந்து, அடியில் மங்கிய சாம்பல் நிறம் தெரிந்தது.

நான் நகைத் தொழிலாளியின் மகள். கோயம்புத்தூர் செல்வபுரத்தில் எங்கள் வீட்டின் முன்னறைதான் அப்பாவின் பட்டறை. உலோகத்தைக் கையில் வைத்துப் பார்த்தே அது இன்னது என்று ஓரளவு சொல்லிவிடும் பழக்கம், கற்றுக்கொள்ளாமலே எனக்கு வந்திருந்தது. அந்தக் கொலுசு அளவுக்கு மீறிக் கனத்தது. தரையில் போட்டால் கணீரென்று ஒலிக்காமல் பொத்தென்று விழுந்தது. தேய்ந்த மணியை ஒரு வெள்ளைத் தாளில் வைத்து இழுத்தேன். பென்சிலால் கோடு போட்டதுபோல் சாம்பல் நிறத்தில் ஒரு கோடு விழுந்தது. வெள்ளி அப்படிக் கோடு போடாது. பித்தளையும் போடாது. காரீயம் போடும்.

இங்கே ஒரு சொல்லைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். நாம் ஈயம் என்று ஒரே பெயரில் அழைப்பது இரண்டு வெவ்வேறு உலோகங்களை. பாத்திரத்துக்குப் பூசுவதும், ரசம் வைக்கும் ஈயச்சொம்பு செய்வதும் வெள்ளீயம். அது நம் பாட்டிமார் அடுப்பில் ஏற்றியது. காரீயம் வேறு. அது மூளைக்கும் நரம்புக்கும் நஞ்சு. பெயர் ஒன்றாக இருப்பதால், ஈயம் கலந்திருக்கிறது என்று சொன்னதும், ஈயச்சொம்பில் ரசம் வைத்துச் சாப்பிட்டுத்தானே வளர்ந்தோம் என்ற பதில் வருகிறது. என் தங்கையே தொலைபேசியில் இதைத்தான் சொன்னாள். வெள்ளீயச் சொம்பு என்ற பெயரில் காரீயம் கலந்த சொம்புகளும் விற்கப்படுகின்றன என்பது தனிக் கவலை.

தாளில் விழுந்த கோடு எனக்குப் போதும், மருத்துவருக்குப் போதாது. எனவே கொலுசை ஒரு நெகிழிப் பையில் போட்டு முடிந்துகொண்டு, நாங்கள் வழக்கமாகச் செல்லும் நகைக்கடைக்குப் போனேன். ஊரார் இன்னமும் கிரே தெரு என்றே சொல்லும் டாக்டர் யூசுப் தாதூ தெருவில் இருக்கிறது அந்தக் கடை. பழைய தங்கத்தை எடைக்கு எடுக்கும்போது தரம் பார்ப்பதற்காக அவர்கள் ஒரு எக்ஸ்ஆர்எஃப் கருவி வைத்திருப்பது எனக்குத் தெரியும். நம் ஊர்க் கடைகளில் காரட் மீட்டர் என்று சொல்கிறார்களே, அதுதான்.

கண்ணாடி மூடிக்குக் கீழே

கருவி அளவில் ஒரு சிறிய அடுப்புப் பெட்டியைப் போன்றது. நகையை உள்ளே வைத்து மூடியை இறக்கினால், கீழேயிருந்து எக்ஸ் கதிர் அதன்மேல் படுகிறது. கதிர் பட்டதும் உலோக அணுக்களின் உட்சுற்றிலுள்ள எலக்ட்ரான் வெளியே தள்ளப்படுகிறது. வெளிச்சுற்றிலிருந்து இன்னொன்று அந்த இடத்துக்கு இறங்குகிறது. இறங்கும்போது ஒரு குறிப்பிட்ட ஆற்றலோடு கதிரொன்று புறப்படுகிறது. தங்கத்திலிருந்து வருவதும் செம்பிலிருந்து வருவதும் காரீயத்திலிருந்து வருவதும் வெவ்வேறு ஆற்றல் உடையவை. அவற்றைப் பிரித்து எண்ணி, எந்த உலோகம் எத்தனை சதவீதம் என்று கருவி அரை நிமிடத்தில் வரிசையாகத் திரையில் காட்டிவிடுகிறது. நகையைச் சுரண்ட வேண்டியதில்லை, உருக்க வேண்டியதில்லை, உரைகல்லில் ஒரு கோடுகூடப் போட வேண்டியதில்லை.

கொலுசை வைத்ததும் காரீயத்தின் வரியில் நாற்பதைத் தாண்டிய எண் வந்தது. கடைக்காரர் குஜராத்திக்காரர், பெரியவர். அவர் உடனே எச்சரித்தார்: இது தங்கத்துக்காக அளவு சரிபார்க்கப்பட்ட கருவி, மலிவான கலவைக்கு இது சொல்லும் எண்ணை அப்படியே நம்பக் கூடாது, ஆனால் காரீயம் இருக்கிறது என்பதில் ஐயமில்லை. அந்த நேர்மைக்காக அவரிடம் எனக்கு மதிப்புக் கூடியது. ஐரோப்பிய ஒன்றியத்தில் நகைகளில் காரீயம் 0.05 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்பது 2013 முதல் சட்டம். அமெரிக்காவில் குழந்தைகளுக்கான பொருள்களில் பத்து லட்சம் பங்குக்கு 100 பங்கு, அதாவது 0.01 சதவீதம், 2011 முதல் உச்ச வரம்பு. நாற்பது என்ற எண் பாதிக்குப் பாதி பிழையாகவே இருந்தாலும் இந்த வரம்புகளுக்கு அருகில்கூட அது வந்து நிற்காது.

வந்த வேலை அத்தோடு முடிந்திருக்க வேண்டும். மனம் கலங்கியிருந்த நேரத்தில், குறைந்தபட்சம் வீட்டில் நல்ல பொருளும் இருக்கிறது என்று கண்ணால் பார்த்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது. என் கழுத்திலிருந்த சங்கிலியைக் கழற்றி நீட்டினேன். அது அப்பா தன் கையால் என் திருமணத்துக்குச் செய்தது. 1996-இல் அதைப் போட்டுக்கொண்டுதான் இந்த நாட்டில் வந்திறங்கினேன். பெரியவர் முதலில் நடுவிலுள்ள ஒரு கண்ணியை வைத்துப் பார்த்தார். தங்கம் 91.7. பிறகு கொக்கிக்குப் பக்கத்தில் பற்று வைத்த இடத்தை, அதாவது கண்ணிகளை உருக்கி ஒட்டிய இணைப்பை, கதிருக்கு நேராகத் திருப்பினார். பழைய நகையில் தரம் விழுவது பற்றில்தான் என்பது தொழில் தெரிந்தவர்கள் அறிந்தது. அங்கேயும் எண் 91-க்குக் கீழே இறங்கவில்லை. அவர் வியந்து, செய்தவர் கெட்டிக்காரர், பற்றிலும் மாற்றுக் குறையவில்லை பாருங்கள் என்று திரையை என் பக்கம் திருப்பினார்.

பார்த்தேன். முதல் வரி தங்கம். அடுத்து வெள்ளி, செம்பு, துத்தநாகம் என்று இறங்கிய பட்டியலில் மற்ற வரிகள் சுழியமாகவோ சுழியத்தை ஒட்டியோ இருந்தன. ஏழாவது வரியில் சி, டி என்ற இரண்டு எழுத்துகள். எதிரே மூன்றுக்குச் சற்று மேற்பட்ட ஓர் எண். அது கேட்மியம். பெரியவர் முதல் வரியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. பற்றில் தரம் குறையாமல் இருந்ததற்குக் காரணமே ஏழாவது வரிதான் என்பது எனக்குச் சட்டென்று விளங்கியது. அதை விளங்கிக்கொண்ட இடத்திலிருந்து இன்றுவரை என் மனம் நகர மறுக்கிறது.

கேடிஎம் என்ற மூன்று எழுத்து

தொண்ணூறுகளில் தமிழ்நாட்டில் நகை வாங்கியவர்கள் கேடிஎம் என்ற சொல்லைக் கேட்காமல் இருந்திருக்க முடியாது. கடைப் பலகைகளில், விளம்பரங்களில், ரசீதுகளில் எல்லாம் அது தரத்தின் முத்திரையாக நின்றது. 916 என்பதோடு சேர்த்தே அதைச் சொல்லுவார்கள். எங்கள் வீட்டில் பெண் பார்க்க வந்தவர்கள்கூட, நகையெல்லாம் கேடிஎம் தானே என்று கேட்டார்கள். அது கேட்மியம் என்ற நச்சு உலோகத்தின் பெயர்ச் சுருக்கம் என்று கேட்டவர்களுக்கும் தெரியாது, ஆமாம் என்று தலையாட்டிய எங்களுக்கும் தெரியாது.

அது எப்படி வந்தது என்பதை அப்பாவின் பட்டறையில் பார்த்திருக்கிறேன். சங்கிலியின் கண்ணிகளை இணைக்க, நகைத் தங்கத்தைவிட விரைவில் உருகும் ஒரு கலவை வேண்டும். அதைத்தான் பற்று என்றும், பொடியாக அராவிப் பயன்படுத்தும்போது பொடி என்றும் சொல்லுவோம். இணைப்பில் வெங்காரக் கரைசலைத் தடவி, பொடியை வைத்து, ஊதுகுழலால் விளக்கின் சுடரை அதன்மேல் திருப்பி ஊதினால் பொடி உருகிக் கண்ணியைப் பிடித்துக்கொள்ளும். பொடி வைத்து ஊதுகிறான் என்று இன்று வேறு பொருளில் பேசுகிறோமே, அந்தப் பேச்சு இந்த மணையிலிருந்து எழுந்ததாகத்தான் எங்கள் தெருவில் சொல்லுவார்கள். பழைய பொடியில் செம்பும் வெள்ளியும் கூடுதலாகச் சேர்ந்திருக்கும். அதனால் நகையைத் திரும்ப உருக்கும்போது மொத்தத் தரம் குறையும். வாங்கியவர் விற்கப் போனால் நட்டம்; செய்த ஆசாரிக்குக் கெட்ட பெயர்.

கேட்மியம் இந்தச் சிக்கலை ஒரே அடியில் தீர்த்தது. 92 பங்கு தங்கத்தோடு 8 பங்கு கேட்மியம் சேர்த்தால் பற்றே 22 காரட் தரத்தில் இருக்கும். கேட்மியம் 321 பாகை செல்சியஸில் உருகி, 767 பாகையில் கொதித்து ஆவியாகிவிடும். தங்கம் உருகவோ 1064 பாகை வேண்டும். ஆகவே நகையை உருக்கும்போது கேட்மியம் போய்விடும், தங்கம் தரம் குறையாமல் நிற்கும். வாங்குபவருக்கு இதைவிட நல்ல ஏற்பாடு ஏது? போய்விடும் என்று எல்லாரும் சொன்னோம். எங்கே போய்விடும் என்று ஒருவரும் கேட்கவில்லை. அது மணைமேல் குனிந்து ஊதிக்கொண்டிருந்தவரின் மூச்சுக்குள் போனது.

சுடரின் வெப்பத்தில் எழும் கேட்மியம் காற்றோடு சேர்ந்து பழுப்பு நிறப் புகையாகிறது. அதை மூச்சில் இழுத்தவருக்கு அப்போதைக்கு ஒன்றும் தெரியாது. சில மணி நேரம் கழித்துக் குளிர், காய்ச்சல், நெஞ்சிறுக்கம், இருமல் வரும். மிகுதியாக இழுத்திருந்தால் நுரையீரலில் நீர் கோத்து உயிரே போகலாம். கொஞ்சம் கொஞ்சமாகப் பல ஆண்டுகள் இழுத்தால் அது சிறுநீரகத்தில் தங்குகிறது. தங்கியதில் பாதி வெளியேறவே பத்து முதல் முப்பது ஆண்டுகள் ஆகும். அது எலும்பிலிருந்து சுண்ணாம்புச் சத்தைக் குறைக்கும். ஜப்பானில் ஜின்சு ஆற்றங்கரை மக்கள் சுரங்கக் கழிவின் கேட்மியம் கலந்த அரிசியை உண்டு எலும்பு நொறுங்கி, வலிக்கிறது வலிக்கிறது என்று கதறிய கதறலே அந்த நோய்க்கு இத்தாய் இத்தாய் என்ற பெயராயிற்று. 1968-இல் அந்நாட்டு அரசு அதைச் சூழல் மாசினால் வந்த நோய் என்று ஏற்றுக்கொண்டது. 1993-இல் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை கேட்மியத்தைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் வைத்தது. நான் சங்கிலியோடு டர்பனில் வந்திறங்குவதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்பு.

தீபாவளிக்கும் ஐப்பசி முகூர்த்தங்களுக்கும் முன்னால் அப்பா இரவு முழுவதும் ஊதுவார். அந்த நாள்களில் விடியற்காலையில் அவருக்குக் குளிர்க்காய்ச்சல் வரும். அம்மா கம்பளியைப் போர்த்திச் சுக்குக் கஷாயம் கொடுப்பார். மறுநாள் எழுந்துவிடுவார். பட்டறைக் காய்ச்சல் என்று அதற்கு நாங்களே பெயர் வைத்து, மழைக்காலச் சளியைப் போல அதையும் இயல்பாக எடுத்துக்கொண்டோம். அறுபது வயதில் அவருக்குச் சிறுநீரகம் பழுதடைந்தபோது சர்க்கரை உண்டா, அழுத்தம் உண்டா என்று மருத்துவர்கள் கேட்டார்கள். என்ன தொழில் என்று கேட்டவர் இல்லை. கேட்டிருந்தாலும் நகைத் தொழில் என்று பெருமையோடு சொல்லியிருப்போமே தவிர, கேட்மியம் என்ற சொல் எங்கள் வாயில் வந்திருக்காது.

எதைத் தேடிச் சோதிக்கிறோம்

நகையைச் சோதிப்பதில் நம்மைவிடக் கவனமான மக்கள் குறைவு. உரைகல்லும் மாற்றும் ஆணியும் நம் மொழிக்குள்ளேயே ஊறிக் கிடக்கின்றன. ஆனால் அந்தச் சோதனை எல்லாமே நம் காசு ஏமாற்றப்பட்டதா என்பதற்கு. தங்கத்தின் தரத்தை மிகத் துல்லியமாக அறிவதாக உலகம் முழுவதும் ஏற்கப்பட்ட நெருப்புச் சோதனையையே எடுத்துக்கொள்ளுங்கள். நகைத் துணுக்கைக் காரீயத் தகட்டில் சுற்றி, எலும்புச் சாம்பல் போன்ற பொருளால் செய்த சிறு கிண்ணத்தில் வைத்து, ஆயிரம் பாகைக்கு மேல் சூடேற்றுவார்கள். காரீயம் மற்ற மலிவு உலோகங்களை இழுத்துக்கொண்டு கிண்ணத்தில் ஊறிவிடும். தங்கமும் வெள்ளியும் மணியாக நிற்கும். தரம் பார்ப்பதற்குக் காரீயத்தைக் கருவியாகக் கொண்ட நாம், நகைக்குள்ளேயே காரீயம் உண்டா என்று பார்க்கத் தொடங்கியது அண்மையில்தான். அந்தத் தொடக்கமும் ஒரு சாவுக்குப் பிறகுதான் வேகம் பிடித்தது. 2006-இல் அமெரிக்காவின் மினியாப்பொலிஸ் நகரில் நான்கு வயதுச் சிறுவன் ஒருவன், காலணியோடு இலவசமாக வந்த கைச்சங்கிலியின் இதய வடிவத் தொங்கலை விழுங்கி இறந்தான். அந்தத் தொங்கலில் 99 சதவீதம் காரீயம். காரீயத்துக்கு அங்கே சட்டம் இறுகியதும், சீனத் தொழிற்கூடங்கள் சில அதன் இடத்தில் கேட்மியத்தை வைத்தன. 2010-இல் குழந்தைகளின் மலிவு நகைகளைச் செய்தி நிறுவனம் ஒன்று சோதிக்கவைத்தபோது ஒன்றில் 91 சதவீதம் கேட்மியம் இருந்தது.

சோதனை என்று சொல்லும்போது எந்தச் சோதனை என்பதிலும் கவனம் வேண்டும். கடையில் கிடைக்கும் பஞ்சுக் குச்சியைத் தேய்த்து நிறம் மாறுகிறதா என்று பார்க்கும் முறை முலாத்தைத் தாண்டி உள்ளே போகாது. என் பேத்தியின் கொலுசில் முலாம் கெடாத மணி எதையும் அப்படித் தேய்த்திருந்தால் குற்றமற்றது என்றே வந்திருக்கும். கவரிங் நகையின் மெல்லிய முலாத்தை எக்ஸ் கதிர் ஊடுருவிவிடும். ஆனால் உலோகம் எத்தனை இருக்கிறது என்பதை அது சொல்லுமே தவிர, குழந்தையின் எச்சிலிலும் வயிற்று அமிலத்திலும் எத்தனை கரைந்து வரும் என்பதைச் சொல்லாது. அதற்கு ஆய்வகத்தில் நகையை நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் உடல் வெப்பமான 37 பாகையில் ஊறவைத்துக் கரைந்ததை அளக்கிறார்கள். இந்த வேறுபாட்டை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. என் சங்கிலியில் உள்ள கேட்மியம் தங்கத்தோடு இறுகக் கலந்து பற்றுக்குள் நிற்கிறது. அணிந்திருப்பதால் எனக்கு அதனால் வரக்கூடிய கேடு மிகச் சிறிது. கொலுசின் காரீயமோ தேய்ந்து, எச்சிலில் கரைந்து, வாய்க்குள் போகக்கூடியது. பெரியவர்களைவிடச் சிறு குழந்தையின் குடல் காரீயத்தை நான்கைந்து மடங்கு கூடுதலாக உறிஞ்சும்.

மகள் மறுநாளே குழந்தைக்கு இரத்தப் பரிசோதனை செய்வித்தாள். தென்னாப்பிரிக்காவில் காரீய நஞ்சு அரசுக்கு அறிவிக்க வேண்டிய நோய்களில் ஒன்று என்பதை அன்றுதான் அறிந்தேன். உலக நலவாழ்வு நிறுவனம், இரத்தத்தில் டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராம் இருந்தால் எங்கிருந்து வந்தது என்று தேடி நிறுத்தச் சொல்கிறது. தீங்கற்ற அளவு என்று எதையுமே அது சொல்லவில்லை. பேத்திக்கு வந்த எண் 2.6. மூன்று மாதம் கழித்து மறுபடி பார்க்கலாம், இரும்புச் சத்தும் சுண்ணாம்புச் சத்தும் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார் மருத்துவர். ஆயாவிடம் இதை எப்படிச் சொல்வது என்று இரண்டு நாள் தயங்கினேன். சொன்னபோது அவர் ஒன்றும் பேசாமல் உள்ளே போய், தம் கொள்ளுப்பேத்திக்கு வாங்கி வைத்திருந்த இன்னொரு ஜோடியைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார்.

பின்னறை

ஒரு மாதம் கழித்து மீண்டும் அந்தக் கடைக்குப் போனேன். சங்கிலியை உருக்கிப் புதிதாகச் செய்துவிடலாம், தங்கம் ஒரு குன்றிமணியும் குறையாது என்று பெரியவர் முன்பே சொல்லியிருந்தார். கேட்மியம் என்ன ஆகும் என்று கேட்டேன். போய்விடும் என்றார். அப்பா சொன்ன அதே சொல். உங்கள் பட்டறையைப் பார்க்கலாமா என்று கேட்டேன். அவர் சற்று யோசித்துவிட்டு என்னைப் பின்னறைக்கு அழைத்துப் போனார்.

மணைக்கு முன்னால் ஓர் இளைஞர் அமர்ந்து மோதிரம் ஒன்றுக்குப் பற்று வைத்துக்கொண்டிருந்தார். ஊதுகுழலுக்குப் பதில் எரிவாயுச் சுடர். தலைக்கு மேலே புகையை இழுக்கும் குழாய். அவர் பயன்படுத்திய பற்றுத் தகட்டின் உறையில் கேட்மியம் இல்லாதது என்று அச்சிட்டிருந்தது. துத்தநாகம் போன்றவற்றைக் கொண்டு பற்றின் உருகுநிலையைக் குறைக்கும் முறை வந்து ஆண்டுகள் பலவாகின்றன. மனம் சற்று ஆறியது. பழுதுபார்க்க வரும் பழைய நகைகளை என்ன செய்வீர்கள் என்று அந்த இளைஞரிடம் கேட்டேன். அறுந்த இடத்தைச் சூடேற்றி மறுபடி ஒட்டுவோம் என்றார். அந்தப் பழைய பற்றில் என்ன இருக்கிறது என்று பார்ப்பீர்களா? அவர் பெரியவரைப் பார்த்தார். பெரியவர், கருவி முன்னறையில் இருக்கிறது, விலைக்கு எடுக்கும் நகைக்குத்தான் அதைப் போடுவோம் என்றார். புகைக் குழாயின் விசை அணைந்திருந்ததை நான் அப்போதுதான் கவனித்தேன். ஒரு மோதிரம்தானே என்று அந்த இளைஞர் அதைப் போடாமல் விட்டிருந்தார்.

என் அப்பாவைப் பற்றி அவர்கள் இருவரிடமும் சொன்னேன். பட்டறைக் காய்ச்சலை எப்படிச் சொல்வது என்று தெரியாமல், விடியற்காலையில் கம்பளி போர்த்திக்கொண்டு நடுங்கியதைச் சொன்னேன். இளைஞர் எழுந்து விசையைத் தட்டினார். பெரியவர், இந்தியாவிலிருந்து வந்த பழைய நகை எது பழுதுக்கு வந்தாலும் முதலில் பற்றைக் கருவியில் பார்த்துவிட்டு, கேட்மியம் தெரிந்தால் உறையில் குறித்து அனுப்புவதாகச் சொன்னார். செய்வார் என்றே நம்புகிறேன். கருவி ஏற்கெனவே இருக்கிறது, அரை நிமிட வேலை.

சங்கிலியை உருக்கக் கொடுக்கவில்லை. இரண்டு கொலுசு ஜோடிகளையும் பழைய பேட்டரிகளை வாங்கிக்கொள்ளும் இடத்தில் சேர்த்துவிட்டோம். சங்கிலி இப்போது என் கழுத்தில் இல்லை. அலமாரியில், அப்பாவின் சிறிய அரத்தோடு ஒரே பெட்டியில் இருக்கிறது. கொக்கிக்குப் பக்கத்தில் நூலால் ஓர் அட்டைத் துண்டைக் கட்டியிருக்கிறேன். மகளுக்குத் தமிழ் படிக்க வரும், பேத்திக்கு வருமோ தெரியாது என்பதால் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதினேன்: இதன் பற்றில் கேட்மியம் இருக்கிறது, சூடாக்குபவரிடம் முதலில் சொல்லவும்.